பதிமூணேழு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் இந்திராணி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தால், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

“உன் படிப்புல மட்டும் ஒரு கொறை வந்துச்சுன்னு என் காதுல விழட்டும், தறிய அப்படியே போட்டுட்டு ஓடி வந்துடுவேன். பார்த்துக்கோ.”

மிரட்டலாகத்தான் சொன்னாள். ஆறாம் வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த அவள் மகள் இளவரசியும் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டாள். தலையாட்டினாள். அப்பா மயில்வாகனம் பைகளை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக அவள் கையில் ஒரு பன் பாக்கெட்டைத் திணித்தார். பஸ் போய்விட்டது. அம்மா சொன்னதை வேறு மாதிரியும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குப் புரிய ஆவணி மாதம் வந்துவிட்டது.

அவர்கள் போனது ஐதராபாத்துக்கு. அங்கே ஒரு பெரிய பட்டுக் கடைக்காரர் வாசலை ஒட்டி ஒரு கண்ணாடி அறை கட்டி, அதற்குள் காஞ்சிபுரத்துத் தறி ஒன்றை இறக்கியிருந்தார். சேலை வாங்க வருகிறவர்கள் அது நெய்யப்படுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். தறி போன இடத்துக்கு ஆளும் போக வேண்டும். ஓர் ஆள் போதாது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு, ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். இரண்டை நெய்கிறவர் பார்த்துக்கொள்வார். வலப்பக்கக் கரைக்கான மூன்றாவது நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் போட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மயில்வாகனத்துக்கு அந்த இன்னொருவர் இந்திராணிதான்.

அதனால்தான் கடைக்காரர் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். கடைக்கு மேலேயே ஓர் அறை தந்தார். பிள்ளைகளை அழைத்துவரக் கூடாது என்றார். அவர் சரி என்றிருந்தாலும் அங்கே தமிழில் பாடம் நடத்தும் பள்ளிக்கு எங்கே போவது? தெருவில் மற்ற வீடுகளிலும் வெளியூர் போனவர்கள் உண்டு. குவைத்துக்கு அப்பா போவார், அம்மா இருப்பாள். கோர்வை நெய்கிற வீட்டில் மட்டும் போனால் இரண்டு பேரும் போய்விடுகிறார்கள்.

இளவரசி சங்கரி அத்தை வீட்டுக்கு வந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா குமாரவேல் பேருந்து நிலையத்துக்கும் ஏனாத்தூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்களுடைய ஒரே பையன் வேலைக்கு ஓசூர் போய்விட்டதால் அவனுடைய அறை, கட்டில், சுவரில் ஒட்டியிருந்த கிரிக்கெட் வீரர்கள் எல்லாமே இளவரசிக்கு வந்து சேர்ந்தன. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அத்தை வைக்கும் வத்தக்குழம்பு அம்மா வைப்பதைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வது துரோகம் மாதிரி இருந்ததால் இளவரசி அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் வீடியோ காலில் அம்மா வருவாள். அந்த நேரம்தான் கடையில் கூட்டம். அதனால் போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு நெய்துகொண்டே பேசுவாள். கடையில் அவளுக்குக் கட்டிக்கொள்ள ஒரு பட்டுச் சேலை கொடுத்திருந்தார்கள்.

“பட்டு கட்டிக்கினு பட்டு நெய்யறேன்டி. மகாராணி மாதிரி.”

அம்மாவுக்குப் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். அம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘டக்’ என்று தறி அடிக்கும். நாடா போகும். மறுபடி ‘டக்’.

அந்தச் சத்தத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. இளவரசி நடக்கப் பழகிய நாளிலிருந்து தறியின் பக்கத்திலேயே வளர்ந்தவள். அம்மா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது தறியில் உட்கார்ந்துதான். ஒரு அடிக்கு அம்மா கேள்வி கேட்பாள். அடுத்த அடி விழுவதற்குள் பதில் வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் அப்பா, “நாடா நின்னுடுச்சு பா, நாடா நின்னுடுச்சு” என்று கேலி செய்வார். நாடா நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே அவள் பதினாறாம் வாய்ப்பாடு வரை கற்றுக்கொண்டாள். ஐதராபாத்திலிருந்தும் அது தொடர்ந்தது.

“ஒம்போதெட்டு?” டக்.

“எழுவத்திரெண்டு.” டக்.

“பன்னெண்டாறு?”

“அதுவும் எழுவத்திரெண்டுதான் மா. ஏமாத்தாத.”

முதல் இடைத்தேர்வில் அவள் கணக்கில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினாள். அம்மா கண்ணாடி அறைக்குள் இருந்தபடியே சத்தமாகச் சிரித்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“இனிமே எனக்குக் கவலையே இல்லடி. தீபாவளி சீசன்ல லீவு கெடையாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எப்படிடா இதை உன் கிட்ட சொல்றதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீ இப்படிப் படிச்சிக்கினு இருந்தீன்னா, நாங்க அடிச்சிப் புடிச்சி ஓடி வரத் தேவையே இல்ல பாரு.”

அன்று சாப்பிடும்போது இளவரசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அத்தை நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. இளவரசி யோசித்துக்கொண்டிருந்தாள். யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. படித்தால் அம்மா வர மாட்டாள். படிக்காவிட்டால் வருவாள். பேருந்து நிலையத்தில் அம்மா அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனது ஒரு சாவி. அதை இத்தனை நாள் அவள் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இடைவேளையில் வகுப்புத் தோழி அபியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“நான் ஃபெயில் ஆவணும்.”

அபி வாயிலிருந்த நெல்லிக்காய்க் கொட்டையைத் துப்பினாள். “பரீட்சையிலயா?”

“வேற எதுல ஆவுறது?”

அபி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மூணாங்கிளாஸ்ல இருந்து நான் செகண்டு. யாரால? உன்னால. ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள் வாங்கித் தரேன்னு எங்கப்பா சொல்லியிருக்காரு. நான் வர மாட்டேன்ற தைரியத்துல சொல்லியிருக்காரு. இப்ப நீயா வந்து நகந்து எடம் குடுக்கறன்ற.” கையை நீட்டினாள். “இன்னா ஹெல்ப் வோணும்னாலும் கேளு. நீ என் ஃபிரெண்டு.”

“எப்படி ஃபெயில் ஆவுறதுன்னு தெரியல.”

“எனக்கு மட்டும் தெரியுமா? நானும் ஆனதில்லையே.”

இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். எழுதாமல் வெற்றுத்தாளைக் கொடுத்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று மிஸ் நினைத்துவிடுவாள், திரும்ப எழுதச் சொல்லிவிடுவாள். ஆகவே எழுத வேண்டும், தப்பாக எழுத வேண்டும். இது எளிதான வேலை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

காலாண்டுத் தேர்வில் தமிழ்ப் பாடத்தில் இளவரசி கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் வீட்டுத் தெரு நாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். தமிழம்மா அதைப் படித்துவிட்டு, சொந்தமாக எழுதும் பழக்கத்தைப் பாராட்டி மதிப்பெண் போட்டுவிட்டார். கையெழுத்துக்குத் தனியாக ஐந்து.

சமூக அறிவியலில் ‘தமிழ்நாட்டின் தலைநகரம் எது?’ என்பதற்கு ‘காஞ்சிபுரம்’ என்று எழுதினாள். வெங்கடேசன் சார் இந்த ஊர்க்காரர், பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பின் நடுவில் நின்றார்.

“பல்லவர் காலத்துல இதான்மா தலைநகரம். கேள்வியில எந்தக் காலம்னு கேக்கலியே. நம்ம ஊர எழுதினவளுக்கு நான் எப்படி முட்டை போடறது?”

அரை மதிப்பெண் கிடைத்தது. இப்படியே அங்கே அரையும் இங்கே ஒன்றுமாகச் சேர்ந்து சமூக அறிவியலிலும் அவள் தேறிவிட்டாள். “உனக்கு ஃபெயில் ஆவக்கூட வரல” என்று அபி எரிச்சல் பட்டாள்.

கணக்கு மட்டும் காப்பாற்றியது. கணக்கில் தப்பு என்றால் தப்புதான். பல்லவர்கள் வந்து உதவ முடியாது. வழிமுறையைச் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் விடையோடு மட்டும் ஒன்றைக் கூட்டி எழுதினாள். சரியான விடையைக் கண்டுபிடிக்காமல் தப்பான விடையை எழுத அவளுக்குத் தெரியவில்லை. அதனால் மற்ற நாளைவிட அதிகமாக உழைக்க வேண்டியிருந்தது. வழிமுறைக்கு மதிப்பெண் தர மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்த பிரியதர்ஷினி மிஸ் நூற்றுக்குப் பதினொன்று போட்டாள்.

பதினொன்று! இளவரசி அந்தச் சிவப்பு எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்திருப்பாள். அபி வகுப்பில் முதலாவதாக வந்தாள். மறு வாரமே சைக்கிள் வந்தது. அபியின் அப்பா தாவீது அதை உருட்டிக்கொண்டு வந்தபோது அவர் முகம் பாதி பெருமையும் பாதி திகைப்புமாக இருந்ததாக அபி சொன்னாள்.

இனி அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

அத்தை மார்க்கைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று சாயங்காலம் போன் வந்ததும் அவளே எடுத்தாள்.

“எல்லாம் நல்லாதான் எழுதியிருக்கா இந்திராணி. உம் பொண்ணாச்சே, சொல்லணுமா?”

இளவரசி வாயைத் திறந்தாள். அத்தை போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே அதட்டினாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இளவரசி மாமாவின் ஆட்டோவில் முன்சீட்டில் ஒண்டி உட்கார்ந்து சொன்னாள்.

“மாமா, நான் கணக்குல ஃபெயில். அம்மாவுக்கு நீங்க சொல்லுங்க.”

மாமா ஹாரன் அடித்தார். “உங்கத்தை சொல்லாததை நான் சொன்னா, அப்புறம் நான் இந்த ஆட்டோவுலதான் குடும்பம் நடத்தணும். எனக்கெதுக்குமா வம்பு? அடுத்த பரீட்சையில பார்த்துக்கலாம் வுடு. ஏனாத்தூர்ல எஞ்சினீரிங் படிக்கிற பசங்கள தெனம் ஏத்திக்கினு வரேன், அவனுங்க வைக்காத அரியரா?”

பின்சீட்டில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன், “அண்ணா, பேரைக் கெடுக்காதீங்க” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அத்தை மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க மாவு. இளவரசி போனை எடுத்துவிட்டாள். திரையில் தறி, அம்மா, அம்மாவுக்கு இடப்பக்கம் அப்பாவின் தோள். டக். டக். கடையில் அன்று நல்ல கூட்டம் போலிருந்தது.

“என்னடி, பேசவே கெடைக்க மாட்டேன்ற? வாய்ப்பாடு கேக்கலாம்னா நெட்வொர்க் இல்லன்றாங்க. பரீட்சை பேப்பர் எல்லாம் குடுத்துட்டாங்களாமே, அண்ணி சொன்னாங்க.”

அத்தை கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு ஓடி வந்து, திரையில் தெரியாத தூரத்தில் நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மாவு தரையில் சொட்டியது.

“மா, கணக்குல பதினொண்ணு.”

“எதுக்கு பதினொண்ணு?”

“நூத்துக்கு.”

டக் என்று தறி அடித்தது. அம்மாவின் நாடா போகவில்லை. அப்பா தன் நாடாவை ஓட்டிவிட்டு அடுத்த அடியும் அடித்துவிட்டார். பிறகுதான் பார்த்தார். கரையும் உடலும் பிடிக்க வேண்டிய இடத்தில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. “ஏய், கோர்வை விட்டுப்போச்சு பாரு” என்றார். அம்மா பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் கையில் நின்றுபோன நாடாவை இளவரசி பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குச் சந்தோஷமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

“வரேன்” என்றாள் அம்மா.

வந்தேவிட்டாள். ராத்திரி ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இளவரசி வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மைதானத்தின் குறுக்கே ஒரு நீலப் பை, அதற்கு மேல் அம்மாவின் தலை. கையைத் தூக்கி ஆட்ட வேண்டும்போல இருந்தது. ஃபெயில் ஆனவள் கையாட்டக் கூடாது என்று நினைத்து அடக்கிக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ரயில் தூசி முகத்தில் இருந்தது. எதிரே பிரியதர்ஷினி மிஸ். இளவரசி சுவரோரம் நின்றாள்.

“எனக்கே புரியலைங்க” என்றாள் மிஸ். “இவளா இப்படின்னு இருக்குது. நான் திட்டக்கூட இல்ல. அம்மா ஊர்ல இல்லாத புள்ள, மனசுல என்ன இருக்குதோன்னு விட்டுட்டேன். விட்டது தப்பு, உங்களைக் கூப்பிட்டிருக்கணும்.”

அம்மா மகளைப் பார்த்தாள். இளவரசி தன் செருப்பைப் பார்த்தாள். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. பக்கத்து மேசையில் வெங்கடேசன் சார் பேனாவை மூடி வைத்துவிட்டு, பார்க்காதவர்போலப் பார்த்தார். அம்மாவின் விரல் மேசை விளிம்பில் தன்பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்தது. தறியில் உட்காராதபோது அந்தக் கைக்கு அப்படி ஒரு பழக்கம். டக். டக். டக்.

“பதிமூணேழு?” என்றாள் அம்மா.

“தொண்ணூத்தொண்ணு.”

அடுத்த தட்டு விழுவதற்குள் பதில் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தாமதமாகிவிட்டது.

“பதினஞ்செட்டு?” டக்.

பொத்திய கைக்குள்ளிருந்தே, “நூத்தி இருபது” என்று வந்தது.

முதலில் சிரித்தது வெங்கடேசன் சார்தான். “எனக்கு அப்பவே சந்தேகம். தலைநகரம் காஞ்சிபுரமாம்!” மிஸ் சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் வந்து, அது போய், அதன் இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

“எதுக்குடி?”

இளவரசி சொன்னாள். “நீதான சொன்ன. படிப்புல கொறை வந்தா வருவேன்னு.”

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். கச்சபேஸ்வரர் கோயில் அருகே அம்மா நின்றாள். பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கி இளவரசியின் தலையில் வைத்தாள். இளவரசி அம்மாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அப்படி நடப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அத்தை அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“வந்துட்டியா இந்திராணி. வந்துதான ஆவணும். புள்ளய என் கிட்ட வுட்டுட்டுப் போன, நான் கெடுத்து வெச்சிட்டேன். ஊரே சொல்லும். அதான் நான் மறைச்சேன். வேளாவேளைக்கு ஆக்கிப் போட்டேன், தலை வாரி வுட்டேன், நான் இன்னா கொறை வெச்சேன், சொல்லு.”

அத்தை அழுதுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் இளவரசிக்குத் தெரிந்தது. குழாயடியில் போட்ட திட்டத்தில் அம்மா இருந்தாள், மிஸ் இருந்தாள், அபியின் சைக்கிள்கூட இருந்தது. அத்தை இல்லவே இல்லை. அவள் போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“நீங்க ஒண்ணும் கொறை வெக்கல அத்த. உங்க வத்தக்கொழம்பு அம்மா வெக்கிறத விட நல்லா இருக்குது.”

“இது வேறயா?” என்றாள் அம்மா.

அத்தை அழுகையின் நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான” என்றாள்.

அம்மா நான்கு நாள் இருந்தாள். அந்த நாட்களில் அப்பாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவர் முகத்துக்குப் பின்னால் தறி அசையாமல் நின்றது.

“எப்ப வர? இங்க ஜனங்க போட்டோ எடுக்க வந்துக்கினு இருக்காங்க. நான் நாடாவ கையில வெச்சிக்கினு பொம்மை மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன். கடையில வேல செய்யற ஒரு பொண்ண உன் எடத்துல உக்கார வெச்சாங்க. அது நாடாவ என் மடியில போடுது.”

கடைசி நாள் அம்மா பையில் துணி அடுக்கும்போது இளவரசி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் அரையாண்டுலயும் ஃபெயில் ஆவேன்.”

“ஆவு. நான் வர மாட்டேன்.”

“வருவேன்னு சொன்ன?”

அம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மாமாவின் ஆட்டோ கிளம்பி, இருமி, நின்று, மறுபடி கிளம்பிப் போயிற்று.

“நான் சொன்னதுதான் தப்பு” என்றாள் பிறகு. “பாவு போடும்போதே இழை மாறிப்போனா, அப்புறம் எவ்ளோ நல்லா நெய்தாலும் சேலை கோணலாத்தான் வரும். நீ கரெக்டாதான் போட்டிருக்க கணக்கு. கேள்விய நான் தப்பாக் குடுத்துட்டேன்.”

இளவரசி காத்திருந்தாள்.

“மாத்திக்கலாம். நீ நல்லா எழுதினா வரேன். பரீட்சை பேப்பர் குடுக்கற அன்னிக்கு இங்க இருப்பேன்.”

“இடைத்தேர்வுக்கும்?”

“அதெல்லாம் ஒரு பரீட்சையா?”

“மிஸ் கிட்ட கேளு. பரீட்சைதான்.”

“உங்கப்பா கடை மொதலாளி கிட்ட ஒதை வாங்குவாரு. அரையாண்டு, முழாண்டு. அவ்ளோதான்.”

“காலாண்டு?”

“காலாண்டுதான் பதினொண்ணு வாங்கிட்டியேடி.”

“அடுத்த வருஷக் காலாண்டு.”

அம்மா அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினாள். “சரி. அதுவும்.”

“லீவு குடுக்க மாட்டேன்னு சொன்னா?”

“ஃபெயில் ஆனதுக்கு வந்தேன் இல்ல? அதுக்கு மட்டும் யாரு லீவு குடுத்தாங்க?”

செய்தி தெரிந்ததும் அபி சைக்கிளைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். “போச்சுடா. ஒரே ஒரு பரீட்சை. ஃபர்ஸ்ட்னா எப்படி இருக்கும்னு பாத்து முடிக்கறதுக்குள்ள போச்சு. சைக்கிள திருப்பிக் கேக்க மாட்டாரு இல்ல?”

அரையாண்டுக்கு இளவரசி படித்தாள். பெரிய வைராக்கியம் எதுவும் இல்லை, பழைய வழக்கத்துக்குத் திரும்பினாள், அவ்வளவுதான். சில நாள் மட்டும், அம்மா மறந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வரும். அப்போதெல்லாம் போனில் தறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். அம்மாவும் எதுவும் கேட்க மாட்டாள். டக், டக். சில நாள் அதுவே போதுமாக இருந்தது. சில நாள் போதவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் கணக்குத் தாள் கொடுக்கப் போவதாக மிஸ் சொன்னாள். மிஸ் முன்கூட்டியே மார்க்கைச் சொல்லவில்லை. ஆனால் தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இளவரசியைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். அது போதும். தாள் கொடுக்கும் நாளன்று காலை பஸ் வரும் நேரத்துக்கு அபியின் சைக்கிளில் இரண்டு பேரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். அபி மிதித்தாள், இளவரசி பின்னால் உட்கார்ந்திருந்தாள். மாமா தன் ஆட்டோவில் ஏனாத்தூர்ப் பையன்களை ஏற்றாமல் காலியாக நிறுத்தி வைத்திருந்தார். “இன்னிக்கு நம்ம வண்டி ஃபேமிலி வண்டி பா, அடுத்த ஆட்டோவுல போ” என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

சென்னை பஸ் வந்தது. நீலப் பை முதலில் இறங்கியது, பிறகு அம்மா. இளவரசி ஓடினாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளும்போதுதான் பார்த்தாள். அம்மாவுக்குப் பின்னால் படிக்கட்டில் அப்பா, கையில் ஒரு பன் பாக்கெட்டோடு.

அவள் அம்மாவைத்தான் கேட்டிருந்தாள். அப்பாவைக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அப்பா, தறி?”

“தறிக்கு இன்னா? நின்னுக்கினு இருக்குது. போன தடவ உங்கம்மா வந்துட்டப்புறம் நாலு நாளு நான் ஜோசியக்காரன் கிளி மாதிரி கூண்டுல உக்காந்திருந்தேன். மொதலாளி கிட்ட சொல்லிட்டேன், கோர்வைத் தறியில ஒரு ஆளுக்கு லீவு குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுத்த மாதிரின்னு. அந்தாளு கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்புறம் அவரே டிக்கெட் போட்டுக் குடுத்தாரு.”

அப்பா பன் பாக்கெட்டைப் பிரித்து அபிக்கு ஒன்று கொடுத்தார். அம்மா மகளின் முகத்தை நிமிர்த்தி, இரண்டு கன்னத்தையும் பார்த்து, வளர்ந்திருக்கிறாளா இளைத்திருக்கிறாளா என்று கணக்குப் போட்டாள். பிறகு அவளுடைய விரல் சைக்கிளின் பின்சீட்டில் தட்ட ஆரம்பித்தது. டக். டக்.

“பதினாலேழு?”

“நூத்தி ஒண்ணு” என்றாள் இளவரசி.

விரல் நின்றது. அப்பா மெல்லுவதை நிறுத்தினார். அபிகூட வாய் திறந்து பார்த்தாள். அம்மா நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றிருந்த பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு காலை வைத்தாள்.

“தொண்ணூத்தெட்டு மா, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தெட்டு!” என்று கத்திக்கொண்டே இளவரசி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மாமாவின் ஆட்டோவில் மூவரும் ஏறி உட்கார்ந்து, அது இருமிக் கிளம்பும் வரைக்கும் அவள் அதை விடவில்லை.